ராசியான பேனாவை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் போக ஏன் மனம் வருவதில்லை?

கேள்வி இது: மூடநம்பிக்கை என்று தெரிந்தே அதைச் செய்கிறோமே, ஏன்? நன்றாகப் படித்தவர்களிடமும் இது ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது? பேயைப் பார்த்தேன், ஏதோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது என்று சிலர் சத்தியம் செய்து சொல்கிறார்களே, அவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? விட நினைப்பவர் என்ன செய்யவேண்டும்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எது எதனால் நடக்கிறது என்று மூளை கற்றுக்கொள்ளும் சாதாரண வழிமுறைதான் மூடநம்பிக்கையையும் பெற்றெடுக்கிறது. அதனால் அது எல்லோருக்கும் வரும். வந்த பிறகு போகாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. சடங்கைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிற வாய்ப்பையே அந்தச் சடங்கு பறித்துவிடுகிறது. மணிக்கணக்கில் வாதாடியும் அசையாத நம்பிக்கை, ஒழுங்காகத் திட்டமிட்ட ஒரு சின்னச் சோதனையில் ஆட்டம் காண்பது இதனால்தான். இனி விரிவாக.

புறாவின் சடங்கு

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948-இல் வெளியிட்டது. 8 புறாக்களை, வயிறு நிறையத் தின்றால் இருக்கும் எடையில் 75 சதவீதத்துக்கு இறக்கிப் பசியோடு வைத்தார். தீவனத் தட்டு ஒரே சீரான இடைவெளியில் தானாக உள்ளே வரும், 5 விநாடி நிற்கும், போய்விடும். புறா எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் தீவனம் வந்தே தீரும். கொஞ்ச நாளில் 8-இல் 6 புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் இடமாகச் சுற்றியது. ஒன்று மேல்மூலையில் தலையை நீட்டி நீட்டி எடுத்தது. இரண்டு ஊசலாடின. ஸ்கின்னரின் விளக்கம் எளிமையானது: தீவனம் வந்த நொடியில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அது வலுப்பட்டது, வலுப்பட்டதால் அதை அடிக்கடி செய்தது, அடிக்கடி செய்ததால் அடுத்த தீவனமும் அதன்மேலேயே வந்து விழுந்தது. இப்படி உருவான ஒரு புறாவின் பழக்கம், தீவனத்தை அடியோடு நிறுத்திய பின்னும் 10,000 முறைக்கு மேல் தொடர்ந்தது.

இந்தக் கதையை இதோடு நிறுத்துபவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். 1971-இல் ஸ்டாடனும் சிம்மல்ஹாகும் இதையே திரும்பச் செய்து, நொடிக்கு நொடி குறித்துப் பார்த்தார்கள். தீவன நேரம் நெருங்க நெருங்க ஏறக்குறைய எல்லாப் புறாக்களும் கொத்தவே செய்தன. உணவை எதிர்பார்க்கும் புறாவுக்கு அது பிறவிக் குணம். சுற்றுவதும் ஆடுவதும் காத்திருக்கும் நேரத்தை நிரப்பும் செயல்கள். ஆக, தற்செயல் மட்டும் சடங்கைச் செதுக்குவதில்லை. அந்த உயிரிடம் ஏற்கெனவே என்ன சரக்கு இருக்கிறதோ அதிலிருந்துதான் சடங்கு எடுக்கப்படுகிறது. மனிதரிடம் அந்தச் சரக்கு பெரும்பாலும் பிறர் சொல்லிக் கேட்டது, பிறர் செய்யப் பார்த்தது. அதனால்தான் ஒரே ஊரில் எல்லோருடைய ராசிகளும் ஒன்றுபோல இருக்கின்றன.

மனிதர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் கோய்ச்சி ஓனோ 1987-இல் 20 மாணவர்களை ஒவ்வொருவராக 3 நெம்புகோல்கள் இருந்த ஓர் அறையில் உட்காரவைத்தார். புள்ளிகள் ஒரு கருவியில் ஏறும். நெம்புகோலுக்கும் புள்ளிக்கும் தொடர்பே கிடையாது. பலர் ஏதோ ஒரு வரிசையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நெம்புகோலை விட்டுவிட்டு அறையில் இருந்ததையெல்லாம் தொட ஆரம்பித்து, கடைசியில் செருப்பைக் கையில் பிடித்துக் குதித்துக் குதித்து மேற்கூரையைத் தொட்டார். களைத்துப்போய்தான் நிறுத்தினார்.

நான்கு கட்டங்கள்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காக்கையின் வேலை என்று நினைக்கும் பிழை எங்கே நுழைகிறது என்பதை எண்களில் பார்த்தால் தெளிவாகும். ஒரு கற்பனைக் கணக்கு. ராசியான பேனாவால் 30 தேர்வு எழுதியதில் 24 நன்றாகப் போனது, 6 சொதப்பியது. வேறு பேனாவால் 10 எழுதியதில் 8 நன்றாகப் போனது, 2 சொதப்பியது. 24, 6, 8, 2: இவைதான் நான்கு கட்டங்கள். இரண்டிலும் 80 சதவீதம்தான். பேனாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் மனத்தில் நிற்பது "அந்தப் பேனா, நல்ல தேர்வு" என்ற 24 நினைவுகள். பேனா இருந்தும் சொதப்பிய 6-க்கு ஒரு சமாதானம் ஏற்கெனவே தயார்: "அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை." பேனா இல்லாமல் நன்றாகப் போன 8 யாருக்கும் நினைவிலேயே இருக்காது, ஏனென்றால் அங்கே கவனிக்க ஒன்றும் இல்லை.

ஸ்பெயினில் எலேனா மத்துத்தேவின் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் அளந்து வருகிறது. 'பட்டாட்ரிம்' என்று ஒரு கற்பனை மருந்து, 'லிண்ட்சே நோய்' என்று ஒரு கற்பனை நோய். பங்கேற்பவர் திரையில் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து, மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார். மருந்து வேலையே செய்யாதபடி அமைத்திருப்பார்கள். இரண்டு காரணிகள் மாயையைக் கூட்டுகின்றன. ஒன்று, நோய் தானாகவே எத்தனை முறை குணமாகிறது. இன்னொன்று, மருந்தை எத்தனை முறை கொடுக்கிறோம். இரண்டும் அதிகமாக இருக்கும் இடத்தில், பயனற்ற மருந்து நன்றாக வேலை செய்வதாக மனிதர் நம்புகிறார்கள். இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்: எப்படியும் நன்றாக முடியக்கூடிய காரியங்களைச் சுற்றித்தான் மூடநம்பிக்கை செழிக்கும். சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போகும். முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாமும் மந்திரம், தாயத்து என்று தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வரும்? இறங்கியதற்கான பெயரைக் கடைசியாகச் செய்த வைத்தியம் தட்டிக்கொண்டு போகிறது.

பலித்த கனவுகளுக்கும் இதே கணக்குதான். ஓர் இரவின் கனவு மறுநாள் நிகழ்ச்சியோடு ஆச்சரியப்படும்படி ஒத்துப்போக 10,000-இல் 1 வாய்ப்புதான் என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்துக்கொள்ளுங்கள். 365 இரவுகளில் ஒருவருக்கு அப்படி ஒன்றாவது நடக்கும் வாய்ப்பு 3.6 சதவீதம் வந்துவிடுகிறது. லட்சம் பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,600 பேர். பலிக்காத கனவை யாரும் காலையில் எழுந்து சொல்வதில்லை.

பயம் சேரும்போது

நல்லது நடக்கச் செய்யும் சடங்கைவிடக் கெட்டது நடக்காமலிருக்கச் செய்யும் சடங்கு பல மடங்கு பிடிவாதமானது. 1950-களில் சாலமன் குழுவினர் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் கொடூரமானவை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் அவை காட்டியது முக்கியமானது. மின்னதிர்ச்சி வரப்போகிறது என்ற அடையாளம் தெரிந்த 10 விநாடிக்குள் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தால் மின்னதிர்ச்சி இல்லை. நாய்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. பிறகு மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். நாய்கள் நூற்றுக்கணக்கான முறை விடாமல் குதித்துக்கொண்டே இருந்தன. குதித்ததால், அந்தப் பக்கம் இப்போது ஆபத்தில்லை என்று அவற்றுக்குத் தெரியவே வழியில்லை. தாண்டவிடாமல் கண்ணாடித் தடுப்பு வைத்தபோது அவற்றில் சில மாறின.

மனிதருக்கும் அப்படியே. "இதைத் தொட்டுவிட்டுக் கிளம்பாவிட்டால் வழியில் விபத்து" என்று நம்புபவர் ஒவ்வொரு நாளும் தொடுகிறார், ஒவ்வொரு நாளும் பத்திரமாக வீடு திரும்புகிறார், ஒவ்வொரு நாளும் நம்பிக்கைக்கு ஒரு சான்று கூடுகிறது. நான்கு கட்டங்களில் இரண்டு அவருக்கு எப்போதும் காலி. கூடவே, தொட்டவுடன் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதியே உடனடிப் பரிசாகிச் செயலை இறுக்குகிறது. செலவோ ஒரு விநாடி. பயப்படும் இழப்போ உயிர். இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தால், தொடுவதை நிறுத்தாத மனிதரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

நிச்சயமின்மை எங்கே அதிகமோ அங்கே சடங்கு அதிகம் என்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி எழுதிவிட்டார். பசிபிக் கடலின் டிரோபிரியண்ட் தீவுகளில், அமைதியான உட்கடலில் நஞ்சிட்டு மீன்பிடிப்பவர்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. ஆபத்தும் ஏமாற்றமும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகிறவர்களிடம் விரிவான மந்திரச் சடங்குகள் இருந்தன. மனிதர் அதே மனிதர்தான். 1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலில் கியோரா கெய்னன் 174 பேரிடம் நடத்திய ஆய்விலும், ஏவுகணை விழும் பகுதிகளில் இருந்தவர்களிடம் மந்திரச் சிந்தனை கூடுதலாகத் தெரிந்தது. அதிலும் தெளிவின்மையைப் பொறுக்கமுடியாதவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கட்டுப்பாடு இழந்ததாக உணரவைத்தால் மனிதர் வெறும் புள்ளிக்குவியலில் உருவங்களைப் பார்க்கிறார்கள் என்று 2008-இல் விட்சனும் கலின்ஸ்கியும் வெளியிட்ட முடிவு மிகவும் பிரபலம். பிறகு பெரிய அளவில் திரும்பச் செய்தவர்களுக்கு அது சரியாகக் கிடைக்கவில்லை. அதேபோல, "இது ராசியான பந்து" என்று சொல்லிக் கொடுத்தால் கோல்ஃப் பந்தைக் கூடுதலாகக் குழியில் போடுகிறார்கள் என்ற 2010-ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் 28 பேர்தான்: ராசிப் பந்துக்காரர் 10-க்குச் சராசரி 6.42, மற்றவர் 4.75. 2014-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்து இருமுறை செய்து பார்த்தபோது வித்தியாசம் காணாமல் போனது. "ராசியை நம்பினால் திறமை கூடும்" என்று ஊக்கப் பேச்சாளர்கள் இன்றும் சொல்லிவருகிறார்கள். அதற்கான அடித்தளம் இவ்வளவு மெல்லியது. பதற்றமான வேலைக்கு முன் ஒரு நிலையான வழக்கத்தைச் செய்வது பதற்றத்தைக் குறைக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அதற்கு அந்த வழக்கத்தில் மாயம் எதுவும் இருக்கவேண்டியதில்லை.

தெரிந்தும் கேட்காத மனம்

படித்தவர்களின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. உளவியலாளர் பால் ரோசின் 1986-இல் செய்த சோதனையில், பங்கேற்பவர் முன்பாகவே இரண்டு காலி பாட்டில்களில் சர்க்கரையைக் கொட்டினார்கள். 'சர்க்கரை' என்று ஒன்று, 'சோடியம் சயனைடு' என்று ஒன்று, இரண்டு ஒட்டுச்சீட்டுகள். எதில் எதை ஒட்டுவது என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார். பிறகு இரண்டிலிருந்தும் கரைத்த சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னால், தன் கையால் ஒட்டிய 'சயனைடு' சீட்டைப் பார்த்துத் தயங்கினார். பின்னர் செய்த ஆய்வில் 'சயனைடு அல்ல, விஷம் அல்ல' என்று எழுதி ஒட்டியபோதும் தயக்கம் இருந்தது! பெயருக்கும் பொருளுக்கும் இடையே மனம் போடும் முடிச்சு 'அல்ல' என்ற மறுப்பைப் படிப்பதே இல்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேன் ரைசன் 2016-இல் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார். விரைவாக எழும் உள்ளுணர்வு ஒன்று, நிதானமாக அதைச் சரிபார்க்கும் அறிவு ஒன்று என்று பிரித்துப் பேசும் பழைய மாதிரியில், அறிவு பிழையைக் கண்டுபிடித்தால் திருத்திவிடும் என்று ஓர் அனுமானம் உண்டு. அது தவறு என்கிறார் ரைசன். கண்டுபிடிப்பது வேறு, திருத்துவது வேறு. "இது அபத்தம்" என்று தெரிந்துகொண்டே "இருந்தாலும் எதற்கு வம்பு" என்று உள்ளுணர்வுக்கு வழிவிடலாம். வழிவிடும் செலவு குறைவாகவும், வழிவிடாவிட்டால் வரும் வருத்தம் பெரிதாகவும் தோன்றும்போது அறிவாளியும் வழிவிடுவார். பகுத்தறியும் பழக்கம் உள்ளவர்களிடம் மூடநம்பிக்கை சற்றுக் குறைவு என்பது உண்மை. அந்த வித்தியாசம் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிதல்ல.

இன்னொன்று: அறிவியல் விளக்கம் வந்தால் அமானுஷ்ய விளக்கம் வெளியேறும் என்பதும் சரியில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. 1930-களில் மானுடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சார்டு பதிவு செய்த, மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்கள், தானியக் குதிர் இடிந்து விழுந்ததற்குக் கறையான் அரித்ததுதான் காரணம் என்று நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் இந்த மனிதர்கள் அடியில் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் அது ஏன் விழவேண்டும்? அதற்குத்தான் சூனியம். தென்னாப்பிரிக்காவில் லகாரும் கெல்மனும் 2008-இல் எய்ட்ஸ் பற்றிக் கேட்டபோதும், கிருமியையும் சூனியத்தையும் சேர்த்தே சொன்னவர்கள் இருந்தார்கள், அதுவும் பெரியவர்களிடம் அதிகமாக. 'எப்படி' என்பதற்கு எவ்வளவு விரிவாகப் பதில் சொன்னாலும் 'ஏன் எனக்கு' என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பேயும் நிழலும்

அமானுஷ்ய அனுபவம் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று தொடங்காதீர்கள். பெரும்பாலும் அனுபவம் உண்மை, விளக்கம்தான் தவறு. ஹைடரும் சிம்மலும் 1944-இல் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சிறு அசைபடத்தைக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்தன என்று எழுதினார். மற்றவர்களுக்கு அது துரத்தல், சண்டை, தப்பித்தல். அசைவு இருந்தால் பின்னால் ஆள் இருக்கும் என்பது மூளையின் முதல் ஊகம். இருட்டில் அந்த ஊகம் இன்னும் விரைவாக வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரளுவது முந்தி, பேய் பிந்தி.

நெஞ்சில் ஏறி அமுக்குவது உறக்க முடக்கம். கனவு காணும் ரெம் உறக்கத்தில் கை கால் தசைகளை மூளை அணைத்துவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து குதித்துவிடுவோம். சில சமயம் விழிப்பு முதலில் வந்துவிடும், தசை இன்னும் அணைந்தே இருக்கும், கனவும் முடிந்திருக்காது. ஆழ்ந்து மூச்சிழுக்க நினைத்தால் மார்புத் தசை ஒத்துழைக்காது. அதைத்தான் யாரோ அமுக்குவதாக உணர்கிறோம். அறையில் யாரோ நிற்கும் உணர்வும் இதன் பகுதியே. 35 ஆய்வுகளைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேரும் மாணவர்களில் 28.3 சதவீதம் பேரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள். தூக்கம் கெட்டால், நேரம் மாறினால், மல்லாந்து படுத்தால் கூடும். வந்துவிட்டால் முழு உடம்பையும் உலுக்கப் போராடாமல் ஒரு விரல்நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். சில விநாடியிலோ ஓரிரு நிமிடத்திலோ கலைந்துவிடும். இதோடு பகலில் அடக்கமுடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் துவள்வதும் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அது நார்கோலெப்சி என்ற உறக்க நோயாக இருக்கலாம்.

கண்ணாடியில் வேற்று முகம் தெரிவதை நீங்களே வரவழைக்கலாம். மங்கலான ஒரு விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து, கண்ணாடியில் உங்கள் முகத்தை அசையாமல் 10 நிமிடம் பாருங்கள். இத்தாலியில் கப்பூட்டோ 2010-இல் 50 பேரிடம் இதைச் செய்தார்: 66 சதவீதம் பேர் தம் முகம் பயங்கரமாக உருமாறக் கண்டார்கள், 48 சதவீதம் பேர் விசித்திர உருவங்களையோ அரக்கர்களையோ பார்த்தார்கள். ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் ஓரத்து விவரங்கள் மங்கி மறையும்; மறைந்த இடத்தை மூளை தானே இட்டு நிரப்பும்.

ஆவி நகர்த்துவதாகச் சொல்லி, பலர் விரல் வைத்து உட்காரும் மேசைக்கும் எழுத்துப் பலகைக்கும் ஊசலுக்கும் கதை 1853-இலேயே முடிந்துவிட்டது. மைக்கேல் ஃபாரடே, மேசைக்கும் விரல்களுக்கும் நடுவே அட்டைகளை இளகிய பசையால் ஒட்டி அடுக்கினார். மேசை முதலில் நகர்ந்திருந்தால் அடி அட்டை முந்தியிருக்கவேண்டும். முந்தியது மேல் அட்டை, அதாவது கை. விரல்களின் தள்ளுதலைக் காட்டும் முள் ஒன்றைக் கண்ணெதிரே வைத்தவுடன் மேசை நகர்வதே நின்றது. வேண்டுமென்று தள்ளியவர் யாருமில்லை; எதிர்பார்ப்பே தசையை அசைத்தது. பலகையைச் சோதிக்க எளிய வழி: எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டு, சொல்லாமல் பலகையைத் திருப்பி வையுங்கள். ஆவிக்கு எழுத்து தெரிந்தால் சரியான இடத்துக்குத்தான் போகவேண்டும்.

"இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது" என்று பலருக்கும் ஒரே வீட்டில் தோன்றினால் எல்லாவற்றுக்கும் முன்பு கார்பன் மோனாக்சைடைச் சோதியுங்கள். 1921-இல் கண் மருத்துவர் வில்மர் பதிவு செய்த குடும்பம், காலடி ஓசையும் உருவங்களும் தலைவலியுமாகத் தவித்தது, செடிகளும் வாடின. பழுதான உலையிலிருந்து புகை வீட்டுக்குள் கசிந்ததுதான் காரணம். அறைக்குள் எரியும் அடுப்போ கணப்போ இருந்தால், வெளியே போனதும் தலைவலி தெளிந்தால், ஜன்னல்களைத் திறந்துவிட்டு முதலில் எல்லோரும் வெளியேறுங்கள். இது உயிர் பிரச்சினை. 19 ஹெர்ட்ஸ் தாழ்வொலி பேய் உணர்வைத் தருகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கதையை அவ்வளவு நம்பவேண்டாம். பின்னர் ஓர் அறையில் தாழ்வொலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்தி ஆராய்ந்தவர்கள், விசித்திர உணர்வுகளுக்கு எதிர்பார்ப்பே போதுமான காரணம் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

விட நினைத்தால்

ஆபத்தில்லாத, செலவில்லாத பழக்கத்தை விட்டே ஆகவேண்டும் என்பதில்லை. பணம் கரைகிறது, சிகிச்சை தள்ளிப்போகிறது, அது இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமுடியவில்லை என்ற நிலை வந்தால் சோதனை தேவை. மிகப் பெரிய பயத்தில் தொடங்காதீர்கள். பழக்கங்களை எழுதி, விட்டால் வரும் பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, 30, 40-இல் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பை முன்கூட்டியே, யார் பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடியபடி எழுதுங்கள். "ஏதாவது கெட்டது நடக்கும்" என்பது கணிப்பே ஆகாது. எந்த நாளிலும் ஏதாவது நடக்கும். "இன்று இரவு 9 மணிக்குள் வண்டி பழுதாகும் அல்லது வேலையில் திட்டு வாங்குவேன்" என்பது கணிப்பு. நேர வரம்பு கட்டாயம். இது இல்லாததால் வீணாகும் சோதனைதான் அதிகம்: 3 வாரம் கழித்து வரும் காய்ச்சலைக்கூட மனம் பழைய கணக்கில் சேர்த்துவிடும்.

செய்வதா விடுவதா என்பதைத் தினமும் காலையில் நாணயத்தைச் சுண்டி முடிவுசெய்யுங்கள். நீங்களே தேர்ந்தால், எளிதான நாட்களில் மட்டும் விட்டுவிட்டு முக்கியமான நாளில் செய்துகொள்வீர்கள், ஒப்பீடு கெட்டுவிடும். அன்றன்றைக்கே நான்கு கட்டங்களில் ஒன்றில் கோடு போடுங்கள், நினைவை நம்பவேண்டாம். குறைந்தது 20 நாளாவது வேண்டும். அப்போதும் 10-க்கு 8, 10-க்கு 6 என்ற அளவு வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவ்வளவு ஆட்டம் தானாகவே வரும்.

பேனா போன்ற பொருள் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அது கையில் இல்லை என்ற பதற்றமே தேர்வைக் கெடுத்து, பேனாவுக்குப் பெருமை சேர்த்துவிடும். இதற்கு அதே மாதிரிப் பேனா இன்னொன்று வாங்கி, வேறொருவரிடம் கொடுத்து, எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும்படி குறியிட்டு, அந்த விவரத்தை ஓர் உறையில் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். கணக்கெல்லாம் முடிந்தபின் உறையைப் பிரித்துப் பாருங்கள். பொருளின் பங்கும் நம்பிக்கையின் பங்கும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். ஆளைப் பார்த்துக் குணம் சொல்லும் கணிப்புகளுக்கும் இந்த முறைதான். 1948-இல் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே பொதுவான குணவிளக்கத்தைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தபோது அவர்கள் துல்லியத்துக்குத் தந்த சராசரி 5-க்கு 4.26. ஆகவே "எனக்குப் பொருந்துகிறதா" என்று கேட்டுப் பயனில்லை. பெயரை மறைத்த 5 விளக்கங்களில் தன்னுடையதை எடுக்கச் சொல்லுங்கள். 20 பேரில் 4 பேர் சும்மாவே சரியாக எடுப்பார்கள். 8 பேருக்குக் குறையாமல் எடுத்தால் கவனிக்கலாம், வெறும் தற்செயலில் அப்படி வர 3 சதவீதம்தான் வாய்ப்பு.

சோதனையைச் சத்தமில்லாமல் கெடுப்பது மாற்றுச் சடங்கு. கையால் தொடுவதை விட்டவர் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொள்வார், அல்லது "பக்கத்தில் இருந்தவர் தொட்டார், அது போதும்" என்பார். அந்த நாளைச் 'செய்த நாள்' கணக்கில் போடுங்கள். பயம் இறங்கும்வரை காத்திருப்பதுதான் வெற்றி என்று முன்பு சொல்வார்கள். இப்போது சிகிச்சையாளர்கள் அதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா இல்லையா என்பதற்கே அழுத்தம் கொடுக்கிறார்கள். ஓர் இடத்தில் கற்ற பாதுகாப்பு இன்னோர் இடத்துக்குத் தானாகப் போகாது என்பதால் வேறுவேறு இடம், நேரம், சூழலில் செய்யவேண்டும். மாதக்கணக்கில் விட்டபின் ஒரு கெட்ட வாரத்தில் பழைய பயம் திரும்பி வரலாம். அது வழக்கமானதுதான், பழைய பாடம் அழிவதில்லை, புதிய பாடம் அதன்மேல் ஏறி நிற்கிறது.

வேறொருவரை மாற்ற நினைப்பவர்கள் "ஆதாரம் எங்கே" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "எது நடந்தால் இது வேலை செய்யவில்லை என்று ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் சேர்ந்து சோதிக்கலாம். "எதுவும் இல்லை" என்று வந்தால் அதை அவருடைய வாழ்க்கைப் பிடிப்பாக எடுத்துக்கொண்டு, மருத்துவம், பணம் இரண்டில் மட்டும் எல்லை பேசுங்கள்: மருந்தை நிறுத்தாமல் தாயத்தும் கட்டிக்கொள்ளலாம்.

சடங்குகள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது நினைத்தாலே நடந்துவிடும் என்று ஓர் எண்ணமே குற்றமாகத் தெரிந்தால், இது மூடநம்பிக்கையின் எல்லையைத் தாண்டி எண்ண-சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) பக்கம் வந்திருக்கலாம். அதற்கு விக்டர் மேயர் 1966-இல் தொடங்கிவைத்த, அஞ்சுவதை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும் சிகிச்சை இருக்கிறது. வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள். மேலே சொன்ன சோதனையின் முறைப்படுத்திய வடிவம்தான் அது. தனியே செய்யாமல் பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்யவேண்டும். வீட்டில் இருப்பவர்கள் "பூட்டிவிட்டேன், ஒன்றும் ஆகாது" என்று திரும்பத் திரும்ப உறுதி கொடுப்பதும் ஒரு சடங்காகவே கணக்கிடப்படும். சிகிச்சை தொடங்கும்போது அதைப் படிப்படியாகக் குறைக்க அவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.